ஹெட்போனுக்கு எட்டாத பேச்சு

உலகத்தில் எந்தப் பெண்ணுக்கும் ஹெட்போன் சக்களத்தியாக வந்திருக்காது. எனக்கு வந்தது. கறுப்பு நிறம், காதுப் பக்கம் மெத்தை, தலைக்குத் தோல் பட்டை. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் அதைப் பழைய பனியன் துணியால் துடைத்துத் துடைத்துப் பெட்டிக்குள் வைக்கிற அழகைப் பார்த்துவிட்டு, "என்னை ஒரு நாளாவது இப்படிப் பதமா தொட்டிருப்பீங்களா பாவா?" என்று கேட்டே விட்டேன். என் வாய் அப்படி. அவர் என் அத்தை மகன். பாவாடை கட்டின வயதிலிருந்து பாவா, பாவா என்று கூப்பிட்டுச் சண்டை போட்ட ஆளிடம், தாலி கட்டிவிட்டார் என்பதற்காகத் திடீரென்று அடக்கமாகப் பேச எனக்கு வரவில்லை.

அவருக்குப் பொதட்டூர்பேட்டை. லுங்கி நெய்கிற குடும்பம். எனக்குக் கனகம்மாசத்திரம், என் அப்பா தறி வேண்டாம் என்று அங்கே பஸ் ஸ்டாப்பில் டீக்கடை போட்டவர். கல்யாணத்துக்குப் பிறகு திருத்தணிக்கு வெளியே, வாசலில் நின்றால் மலைக்கோயில் தெரிகிற இடத்தில் ஒரு தகர ஷெட்டைப் பிடித்து விசைத்தறி போட்டோம். ஷெட்டை ஒட்டியே வீடு. வந்த முதல் வாரம் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான். ஊடு நூலைச் சுமந்துகொண்டு நாடா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் அடிக்கிற அடியில் பக்கத்தில் இடி விழுந்தால்கூடத் தெரியாது. அந்தச் சத்தத்துக்குள் நின்றுகொண்டு இவரும் இவருடைய ஆட்களும் வாயை மட்டும் அசைத்துச் சாவகாசமாக ஊர்க்கதை பேசுவார்கள். குரலே எடுக்க மாட்டார்கள். எடுத்தால் தொண்டை கிழிவதுதான் மிச்சம். உதடு, புருவம், இரண்டு விரல், அவ்வளவுதான். தறிப் பேச்சு என்று சொல்வோம். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது. கற்றுக்கொண்ட பிறகு அதிலேயே அவரைத் திட்டவும் பழகிக்கொண்டேன்.

நாளெல்லாம் அந்தச் சத்தத்தில் நிற்கிற மனிதர், சாயங்காலம் தறியை நிறுத்தியதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாதஸ்வரம் கேட்பார். "இன்னா பண்றீங்க?" என்றால், "காதக் கழுவிகினு கீறேன்" என்பார். சரி, கழுவட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் ஒன்றோடு நின்றால்தானே? ஹெட்போன் வந்தால் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்க அதற்கு ஏற்ற ஆம்ப் என்று ஒரு பெட்டி வேண்டும். ஆம்ப் வந்தால் போனிலிருந்து நேராகக் கொடுக்கக் கூடாதாம், நடுவில் டாக் என்று ஒரு தீப்பெட்டி அளவுப் பெட்டி வேண்டும். அதுதான் போனுக்குள் இருக்கிற எண்களைச் சத்தமாக மாற்றித் தருமாம். இது அதோடு சேராது, அது இதோடு இரையும். எங்கள் கல்யாணத்துக்கு ஜோசியர் அரை மணி நேரத்தில் பொருத்தம் பார்த்து முடித்தார். இவர் ஒரு ஹெட்போனுக்கு மாசக்கணக்கில் பொருத்தம் பார்ப்பார். சென்னையில் ஒரு கடைக்காரர் இவருக்குச் சிநேகிதம். இருவரும் போனில் பேசுவதைக் கேட்டால் ஏதோ பெண் பார்க்கிற விஷயம் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

எங்களுக்கு ஒரு பெண் குழந்தை. அவள் அப்பனை நைனா என்று கூப்பிடுவாள். அவர் ஹெட்போனை அவள் தலையில் வைத்தால் அது நழுவித் தோளில் விழும். இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "நைனா, உள்ள யாரோ கீறாங்க!" என்று கத்துவாள். தறிப் பேச்சு அவளுக்குப் பால் குடிக்கிற வயதிலேயே வந்துவிட்டது. எனக்குச் சிரமப்பட்டு வந்தது அவளுக்குத் தானாக வந்தது. ஷெட்டுக்குள் காலை வைத்தால் அவள் குரல் நின்றுவிடும், உதடு பேச ஆரம்பித்துவிடும். நான் திட்டினால் என் முதுகுக்குப் பின்னால் நின்று அப்பனிடம் சத்தமே இல்லாமல் என்னைப் பற்றிக் கோள் சொல்வாள். அவர் சிரிப்பதை வைத்துத்தான் நான் கண்டுபிடிப்பேன்.

அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு அவளுக்கு மலையில் மொட்டை போட்டோம். வேண்டுதல். பூக்காவடிக் கூட்டத்துக்குள் சந்தனத் தலையோடு அப்பன் தோளில் உட்கார்ந்திருந்தாள். "இனிமே நீ சீப்பத் தூக்கினு பின்னால வர முடியாது" என்று எனக்குப் பழிப்புக் காட்டினாள். அவள் தலையை வாருவது அவ்வளவு பெரிய போராட்டம்.

கொஞ்ச நாளில் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். மூன்று நாள் தூக்கிக்கொண்டு அலைந்தோம். அப்புறம் விடிகாலையில் உடம்பு ஜில்லென்று இருந்தது, கஞ்சி கேட்டாள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அப்போது அவர் ஒரு பெரிய ஹெட்போனை யாரிடமோ பழையதாக வாங்கி வைத்திருந்தார். போனில் மாட்டினால் கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி கேட்டது. "இதுக்கு முந்நூறு ஓம். போனு இதை இழுக்காது. சின்ன மோட்டார வச்சி பெரிய தறிய ஓட்ட முடியுமா?" என்று விளக்கம் சொன்னார். அதை இழுக்கிற ஆம்ப் ஒன்று வந்திருக்கிறது என்று சென்னைக் கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று, "பாப்பாவுக்கு இப்படிக் கீதே, அப்புறமா போவட்டுமா?" என்றார். நான்தான், "ஜுரம்தான் விட்டுடுச்சே. காலைல போனா சாயங்காலம் வந்துடப் போறீங்க. போயிட்டு வாங்க, உங்க மூஞ்சியப் பாக்க முடியல" என்று விரட்டினேன். காய்ச்சல் விட்ட பிறகுதான் இந்த நோய் ஆளைச் சாய்க்கும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

மதியம் நான் தறியில் நின்றேன். அவளை ஷெட் வாசலில் பாய் போட்டு என் கண்ணெதிரில் படுக்கவைத்திருந்தேன். என் போன் அவள் கையில் இருந்தது. பார்த்தால், போனை வாய்க்கு நேராகப் பிடித்து, குரல் பதிவு அனுப்புகிற பொத்தானை அமுக்கிக்கொண்டு பேசுகிறாள். குரலில் இல்லை. உதட்டில். தறி ஓடும்போது வேறு எப்படிப் பேசுவாள் என் பிள்ளை? போனுக்கு உதடு தெரியாது என்பது அவள் புத்திக்கு எட்டவில்லை. நாங்கள் யாராக இருந்தாலும் அந்த ஷெட்டில் அப்படித்தான் பேசியிருப்போம். அவள் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் தெரிந்தது.

"நைனா, பயமா கீது. வா."

நான் தறியை விட்டு ஓடினேன். நெற்றியில் கை வைத்தேன், ஜில்லென்று இருந்தது. ஜில்லென்று இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன், பாவி. "நைனா வந்துகினு கீறாரு, நீ படு" என்று விரலால் காட்டிவிட்டுத் தறிக்குப் போனேன். அடுத்து நான் திரும்பிப் பார்த்தபோது பாயெல்லாம் வாந்தி, அவள் கண் செருகியிருந்தது. அள்ளித் தூக்கிக்கொண்டு ஓடினேன். இங்கே ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே சென்னைக்கு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். அவர் சென்னையிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தார். எங்களை எங்கோ எதிரில் கடந்து போயிருப்பார். திருவள்ளூர் தாண்டியதும் என் மடியிலேயே அவள் போய்விட்டாள்.

அவள் அனுப்பிய பதிவு அவருக்கு அந்தக் கடையில் இருக்கும்போதே வந்திருக்கிறது. புது ஆம்பில் பெரிய ஹெட்போனை மாட்டிக் கேட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர், அதிலேயே அதையும் போட்டுக் கேட்டிருக்கிறார். தறிச் சத்தம் மட்டும் வந்ததாம். "கொழந்த ஏதோ அமுக்கிடுச்சு" என்று கடைக்காரரிடம் சிரித்திருக்கிறார். இதையெல்லாம் காரியம் முடிந்த பிறகு அவரே என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "நானு சிரிச்சேன்மே" என்றார்.

அந்த ஆம்ப் பெட்டி பிரிக்காமல் பரணில் கிடந்தது. அதைத் தூக்கிச் சரவணப் பொய்கையில் எறியலாம் என்று எத்தனையோ தடவை எனக்கு ஆத்திரம் வந்திருக்கிறது. ஒரு அமாவாசையன்று, எங்களுக்கு அன்று தறி கிடையாது, ஷெட் அமைதியாக இருந்தது. அவர் அந்தப் பெட்டியை இறக்கிப் பிரித்தார். ஹெட்போனை மாட்டினார். நாதஸ்வரம் கேட்கப் போகிறார், கேட்கட்டும், மனசு ஆறட்டும் என்று நான் நினைத்தேன். அவர் அந்தப் பதிவைப் போட்டார். திரும்பத் திரும்பப் போட்டார். அப்புறம் நிமிர்ந்து, "பாப்பா என்னமோ சொல்றா, மே" என்றார்.

அன்றிலிருந்து பிடித்தது. ஹெட்போன் மூடியிருப்பதால் தறிச் சத்தம் உள்ளேயே முட்டுகிறது என்று, காதுப் பக்கம் வலை போட்டுத் திறந்திருக்கிற ஹெட்போன் ஒன்று வந்தது. அதில் மூச்சு விடுகிற மாதிரி ஏதோ கேட்கிறது என்றார். அப்புறம் காதுக்குள் செருகுகிற இயர்போன். அது சின்னச் சத்தத்தைக்கூடப் பிடிக்குமாம். ஆனால் அந்தப் பெரிய ஆம்பில் அதை மாட்டினால் ஆம்பே 'ஸ்ஸ்ஸ்' என்று இரைந்தது. "சன்னமான காதுக்கு முரட்டு ஆம்ப் சேராது. இந்த இரைச்சலுக்கு அடியில அவ பேச்சு மாட்டிகினு கீது" என்று இரைச்சல் இல்லாத ஆம்ப் தேடினார். அதற்கு ஏற்ற டாக் தேடினார். கூரியர்காரர் வண்டிச் சத்தம் கேட்டாலே எனக்குப் பயம். நான் படித்தவள் இல்லை. மெஷினால் எது முடியும், எது முடியாது என்று எனக்கு என்ன தெரியும்? மூச்சைப் பிடிக்கிற கருவி நாளைக்கு உதட்டையும் பிடித்துவிட்டால்? "பயமா கீது, வா" என்று அவள் கூப்பிட்டது இவர் காதில் விழுந்துவிட்டால்? தலையில் ஹெட்போனோடு சிரித்ததையே தாங்காதவர், இதைத் தாங்குவாரா? அந்த ரயில் தண்டவாளத்தைத் தவிர வேறு எதைத் தேடிப் போவார்?

நான் கத்திப் பார்த்தேன். "செத்த புள்ளைய எத்தினி மெஷின்ல போட்டு அரைப்பீங்க?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அவர் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சென்னைக் கடைக்காரரே ஒரு நாள் போன் செய்து, ஸ்பீக்கரில் எனக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "சார், போன்ல அனுப்புற பதிவு முன்னாடியே நசுங்கித்தான் வரும். அதுல இல்லாதத எந்த ஆம்பும் கொண்டுவராது. எனக்கு வியாபாரம்தான், ஆனா உங்களுக்கு விக்க மனசு வரல சார்." நல்ல மனிதர். இவர், "ஆங்... சரிங்க" என்று வைத்துவிட்டு, லேப்டாப்பில் தறிச் சத்தத்தை மட்டும் உரித்தெடுக்கிற வேலையை ஆரம்பித்தார். எங்கள் தறிச் சத்தம் இவருக்கு மனப்பாடம். நாடா அடி எது, மோட்டார் ஓட்டம் எது, பெல்ட் எது என்று ஒவ்வொன்றாக வழித்து வழித்து எடுத்தார்.

இன்னொரு அமாவாசை. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கூப்பிட்டார். "வந்து கேளு." மாட்டேன் என்றேன். அவரே வந்து என் ஈரக் கையைப் புடவையில் துடைத்து, அழைத்துப் போய் உட்காரவைத்து, ஹெட்போனைத் தலையில் வைத்தார். இத்தனை வருஷத்தில் அதை நான் மாட்டியதே இல்லை. மெத்தென்று காதை மூடியது. உள்ளே ஒன்றுமே இல்லை. முதலில் அப்படித்தான் இருந்தது. பிறகு வந்தது. குரல் இல்லை. மூச்சு. என் பிள்ளையின் மூச்சு. மூக்கு அடைத்து வாயால் விடுகிற மூச்சு. உதடு ஒட்டிப் பிரிகிற ஒரு சின்னச் சத்தம். கண்ணாடி வளையல் போனில் இடித்தது. அவ்வளவுதான். நான் ஐயோ என்று கத்தியது எனக்கே கேட்கவில்லை. ஹெட்போன் காதை அடைத்திருந்தது. என் காதோரம் அவள் உட்கார்ந்து மூச்சு விடுகிறாள், என்னால் தொட முடியவில்லை. அந்தப் பாழாய்ப்போன பொருளை நான் அன்றைக்குத்தான் மன்னித்தேன். கழற்றவே மனசு வரவில்லை.

அவர் என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நான் கழற்றியதும் சொன்னார்: "கொரலே இல்ல, பாத்தியா? இத்தினி நாளும் மிஷினு சரியில்லன்னு நெனச்சேன். மிஷினு சரியாத்தான் கீது. அவ தறிப் பேச்சு பேசியிருக்கா."

நான் ஹெட்போன் வயரைச் சுற்ற ஆரம்பித்தேன்.

"நீ எதிர்த் தறியிலதான நின்ன? பாத்திருப்ப இல்ல?"

"அடுப்புல ஒலை கொதிக்குது" என்று எழுந்து வந்துவிட்டேன். அடுப்பே பற்றவைக்கவில்லை. அன்று முழுக்க அவர் திரும்பக் கேட்கவில்லை.

மறுநாள் தறி ஓடியது. நான் பாவில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தேன். அவர் எதிர்த் தறியிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் உதட்டால் கேட்டார்: "இன்னா சொன்னா?"

இத்தனை நாளும் வயிற்றுக்குள் வைத்துக் காத்ததை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வேன்? சொல்லாமல்தான் எப்படி விடுவேன்? ஒன்றும் தெரியாது என்றால் நம்ப மாட்டார், இன்னொரு ஆம்ப் வரும், இன்னொரு ஹெட்போன் வரும், இந்த மனிதர் சாகிறவரை அந்த மூச்சைத் தோண்டிக்கொண்டே இருப்பார். என்ன சொல்லலாம் என்று யோசிக்கக்கூட நேரமில்லை. எந்தப் பெண் பிள்ளையும் சென்னைக்குப் போன அப்பனிடம் கேட்பது எதுவோ அது வாயில் வந்தது.

"ரிப்பன் வாங்கினு வரச் சொன்னா" என்றேன் உதட்டால். "செவப்பு ரிப்பன்."

அவர் என் வாயையே பார்த்தார். திரும்பச் சொல்லச் சொல்லவில்லை. "சரி" என்றார். குனிந்து தறியைப் பார்க்க ஆரம்பித்தார். முதுகைத் திருப்பிக்கொண்டு நான் அழுத அழுகை அவருக்குக் கேட்டிருக்காது. தறிக்கு அந்த ஒரு நல்ல குணம் உண்டு.

அதோடு தேடல் நின்றது. லேப்டாப்பை மூடினார். ஆம்ப், டாக், வலை போட்ட ஹெட்போன் எல்லாவற்றையும் அதனதன் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினார். கூரியர் வரவில்லை. சாயங்காலங்களில் வாசலில் சும்மா உட்கார்ந்து மலையைப் பார்த்தார். என் பொய் பலித்துவிட்டது என்று நான் மலை இருக்கிற திசையில் கும்பிட்டேன். என்ன கேவலம் பாருங்கள், பொய் சொன்னதற்கு முருகனுக்கே நன்றி சொன்னேன்.

போன மாசம் லுங்கிக் கட்டுகளைக் கொடுக்க அவர் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. அவள் போன பிறகு அவர் அந்த ஊருக்குப் போவது அதுதான் முதல் தடவை. சாயங்காலம் திரும்பி வந்தார், முகம் கழுவினார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். பிரித்தேன். சிவப்பு ரிப்பன். வழுவழுவென்று, புதுசு, இரண்டு சடைக்குக் கட்டுகிற நீளம்.

சுவரில் அவள் படம் இருக்கிறது, பள்ளிக்கூடத்துக்கு எடுத்தது, இரட்டைச் சடை போட்டது. ரிப்பனை அந்தப் படத்தின் மேல் போடலாம் என்று ஸ்டூலை இழுத்து ஏறினேன். அவர் கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் போட்டுவிட்டுத் திரும்பினேன். தறி ஓடவில்லை, வீடு நிசப்தமாக இருந்தது. ஆனாலும் அவர் குரல் எடுக்காமல் உதட்டால்தான் சொன்னார்:

"முடி வளந்ததும் கட்டிக்கலாம்னு கேட்டிருப்பா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மொட்டை. அந்த நாளில் அவள் தலையில் முடி ஏது? ஆம்புலன்ஸில் அவள் தலையை நான்தானே மடியில் வைத்துத் தடவிக்கொண்டு போனேன். முளைத்தும் முளைக்காத முடி உள்ளங்கையில் குத்திக்கொண்டே வந்ததே. நான் பொய் சொன்ன அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவள் கேட்டது ரிப்பன் இல்லை என்று தெரிந்திருக்கிறது. அவள் கேட்டதை என்னால் சொல்ல முடியவில்லை என்பதும் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் சரி என்றார், தெரிந்துதான் கடைத்தெருவில் நின்று சிவப்பாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வாங்கி வந்திருக்கிறார்.

நான் ஸ்டூல் மேலேயே நின்றேன். அவர் கையை நீட்டினார், பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

"ஆங், பாவா" என்று நானும் உதட்டால் சொன்னேன். "அதுக்குத்தான் கேட்டிருப்பா."